மெஷ் வைஃபையில் 2.4, 5 என்று பெயரைப் பிரிக்க வேண்டுமா?

வீட்டுக்கு மெஷ் வைஃபை (ஒரே வலையாக இயங்கும் இரண்டு மூன்று வைஃபை பெட்டிகள்) வாங்கிப் பொருத்தியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஒரே கேள்வியோடு வருகிறார்கள். போன், லேப்டாப், டிவி எல்லாம் இணைந்துவிட்டன. ஸ்மார்ட் பல்போ, கேமராவோ, கீசருக்குப் போட்ட ஸ்மார்ட் பிளக்கோ மட்டும் இணைய மாட்டேன் என்கிறது. "2.4 தனியா, 5 தனியா பிரிச்சு வை, சரியாயிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2.4, 5 என்பவை ரவுட்டர் பயன்படுத்தும் இரண்டு அலைவரிசைகள், ஒவ்வொன்றுக்கும் தனி வைஃபை பெயர் வைக்கச் சொல்கிறார்கள். ஆப்பைத் திறந்தால் சில மாடல்களில் பிரிக்க வழியே இருக்காது. வழி இருக்கும் மாடலில் பிரித்துவிட்டால், அதுவரை ஒழுங்காக இருந்த போன் தகராறு செய்ய ஆரம்பிக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷ் போட்ட வீட்டில் முதன்மைப் பெயரை இரண்டாகப் பிரிக்காதீர்கள். போனும் லேப்டாப்பும் இணையும் பெயர் ஒன்றாகவே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் 2.4இல் மட்டும் இயங்கும் இன்னொரு பெயரை உருவாக்கி, பல்பு, கேமரா, பிளக் வகையறாவை அதில் விடுங்கள். இது ஏன் சரிப்பட்டு வருகிறது என்று புரிய, அலைவரிசை பற்றியும் மெஷ் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு அலைவரிசைகள்

ரவுட்டர் காற்றில் அனுப்புவது ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அந்த அலை நொடிக்கு 240 கோடி முறை ஏறி இறங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் 500 கோடி முறைக்கும் மேல். ஒரு அலையின் நீளம் 2.4இல் சுமார் 12 சென்டிமீட்டர், 5இல் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. நாம் பார்க்கும் வேறுபாடுகளில் பல இந்த நீளத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

தடையே இல்லாத வெட்டவெளியில், ஒரே சக்தியில், ஒரே மாதிரி ஆன்டெனாக்களோடு இரண்டையும் அனுப்பினால், அதே தூரத்தில் 5இல் வந்து சேரும் சிக்னல் 2.4இல் வருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். சுவர் குறுக்கே வந்தால் இடைவெளி இன்னும் கூடும். செங்கல், கான்கிரீட், கல் எல்லாமே 5ஐ அதிகமாகக் குடிக்கும். அதனால்தான் 2.4 வாசல்வரை வருகிறது, 5 அடுத்த அறையோடு சோர்ந்துவிடுகிறது.

அப்படியானால் 5 எதற்கு? இடம் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் 2.4 அலைவரிசையை உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்ற விதி 2005இல் வந்தது. அதில் உள்ள மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். 2018இல் வந்த விதிகளின்படி 5 பக்கத்தில் உரிமம் இல்லாமல் கிடைப்பது 605 மெகாஹெர்ட்ஸ். ஏழு மடங்குக்கும் மேல்.

ரவுட்டரில் 2.4க்கு 13 சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் உள்ள தனித்தனித் தடங்கள், காட்டும். பார்க்க நிறைய இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம், வைஃபைக்கோ குறைந்தது 20 வேண்டும். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. இந்த மூன்றுக்குள்தான் உங்கள் வீடு, பக்கத்து வீடு, எதிர்வீடு, மாடியில் குடியிருப்பவர் எல்லோரும். போதாததற்கு புளூடூத், வயர் இல்லாத மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் இதே இடத்தில்தான் இயங்குகின்றன. ரவுட்டர் பக்கத்தில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தால் அதன் இரைச்சலும் இங்கேதான் வந்து விழும்.

வேகத்திலும் அது தெரியும். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 4 (வைஃபையின் நான்காம் தலைமுறை) கருவி 2.4இல், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், அதிகபட்சம் 144 எம்பிபிஎஸ் இணைப்பு பெறும். அதே இரண்டு ஆன்டெனாவோடு வைஃபை 5 கருவி 5இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொண்டால் 867. வைஃபை 6 என்றால் 1201. இவை ஏட்டுக் கணக்கு. உண்மையில் கைக்கு வருவது இதில் பாதி, சில சமயம் அதற்கும் கீழே. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் தெளிவு.

கல்லுக்கட்டு வீடும் சிக்னலும்

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி வீடுகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிரானைட் குவாரிகள் உள்ள ஊர் இது. பழைய வீடுகளில் கல்லுக்கட்டுச் சுவர் இன்னும் நிற்கிறது. ஒன்றரை அடி, இரண்டு அடி கனம்கூட இருக்கும். அப்படி ஒரு வீட்டுக்குப் பின்னால் கான்கிரீட்டில் இரண்டு அறை சேர்த்து, மேலே ஒரு மாடி எடுத்து, கொஞ்சம் தள்ளி மாட்டுக் கொட்டகை போட்டிருப்பார்கள். ஒரே ரவுட்டர் இந்த வீட்டை மூடாது. மெஷ் விற்பதும் இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

உங்கள் வீட்டுச் சுவர் எவ்வளவு குடிக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அது சிக்னலை டிபிஎம் என்ற அளவில், மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தடுமாறாமல் போகும். மைனஸ் 75ஐத் தாண்டினால் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். மைனஸ் 80க்கு அப்பால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. இந்த அளவில் 3 எண் குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. ஆகவே 60க்கும் 70க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

ரவுட்டர் இருக்கும் கூடத்தில் நின்று இரண்டு அலைவரிசைகளின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கல்சுவருக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். இரண்டும் இறங்கும், 5 அதிகமாக இறங்கும். கதவு வழியாக நேர்கோடு கிடைக்கும் இடத்துக்கு இரண்டு அடி நகர்ந்து பாருங்கள், எண் சட்டென்று மேலே வரும். இரும்பு பீரோவுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் நின்றும் பாருங்கள். கால் மணி நேரம் இப்படி நடந்தால், மெஷ் யூனிட்டை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். பிரிப்பதா சேர்ப்பதா என்று யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பாதிப் புகார்கள் யூனிட்டை இடம் மாற்றியதுமே தீர்ந்துவிடுகின்றன.

மெஷ் உள்ளே என்ன நடக்கிறது

மெஷ் என்பது இரண்டு மூன்று யூனிட்கள் சேர்ந்து ஒரே வலையாக நடந்துகொள்வது. முதல் யூனிட்டுக்கு இணைய வயர் வருகிறது. மற்றவை அதோடு காற்றிலோ கேபிளிலோ பேசுகின்றன. யூனிட்டுகள் தங்களுக்குள் பேசும் இந்தப் பாதைக்குப் பேக்ஹால் என்று பெயர். நாம் பெட்டி வாங்கும்போது எத்தனை யூனிட் என்று எண்ணுகிறோம். வேகத்தைத் தீர்மானிப்பதோ இந்தப் பேக்ஹால்தான்.

விலை குறைந்த மெஷ்களில் இரண்டு ரேடியோக்கள்தான் இருக்கும், ஒன்று 2.4, ஒன்று 5. உங்கள் போன் மாடி யூனிட்டோடு 5இல் பேசுகிறது. மாடி யூனிட் கீழ் யூனிட்டோடு பேசுவதும் பெரும்பாலும் அதே 5இல், அதே சேனலில். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஆகவே ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். டிரைபேண்ட் மெஷ்களில் மூன்றாவது ரேடியோ உண்டு, அதைப் பேக்ஹாலுக்கு ஒதுக்கிவிடுவார்கள். அதைவிட நல்லது கேபிள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர்வரை 1 ஜிபிபிஎஸ் கொடுக்கும். கட்டுமான வேலை நடக்கும் வீடு என்றால், எலக்ட்ரீஷியன் சுவர் வெட்டும்போதே மாடிக்கு ஒரு தனிப் பைப் விடச் சொல்லுங்கள். பின்னால் கல்சுவரைக் குடைவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெயர் பிரிப்பதற்கும் பேக்ஹாலுக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். "5இல் எல்லாரும் இருந்தால் பேக்ஹால் நெரிசலாகும், அதனால் பிரித்துப் பாதிப்பேரை 2.4க்கு அனுப்பலாம்" என்று நினைக்கிறார்கள். போனை 2.4க்குத் தள்ளினால் அந்தப் போன் மெதுவாகும், காற்றில் அதிக நேரமும் பிடிக்கும். அது கேட்கும் தரவு பேக்ஹாலில் எப்படியும் அதே 5 வழியாகத்தான் வரும். ஆகவே இந்த நோக்கத்துக்காகப் பிரிப்பதில் பெரிய பலன் இல்லை.

ஒரே பெயர் ஏன் நல்லது

வைஃபையில் எந்த யூனிட்டோடு, எந்த அலைவரிசையில் இணைவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் இல்லை, போன்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி மர்மம் விலகிவிடும். ஐபோன் தன் சிக்னல் மைனஸ் 70க்குக் கீழே போன பிறகுதான் வேறு இடம் தேடத் தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. மேக் லேப்டாப்புக்கு அந்த எண் மைனஸ் 75. ஒவ்வொரு நிறுவனத்தின் போனும் தன் இஷ்டப்படி ஒரு எல்லை வைத்திருக்கும்.

ரவுட்டர் செய்யக்கூடியது யோசனை சொல்வதுதான். பேண்ட் ஸ்டியரிங் என்ற வசதி, 5க்கு வரக்கூடிய போன் 2.4இல் கதவைத் தட்டினால் பதிலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அதற்குள் போன் 5ஐத் தட்டட்டும் என்று. அப்புறம் வைஃபை விதிகளில் கே, வி, ஆர் என்று மூன்று துணை விதிகள் உண்டு. பக்கத்தில் எந்தெந்த யூனிட்கள் இருக்கின்றன என்ற பட்டியலைத் தருவது கே. "நீ அங்கே போவது நல்லது" என்று சொல்வது வி. மாறும்போது கடவுச்சொல் சோதனையை வேகமாக முடிப்பது ஆர். இந்த மூன்றும் வேலை செய்ய, எல்லா யூனிட்டிலும் எல்லா அலைவரிசையிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

இப்போது பெயரைப் பிரித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். "வீடு", "வீடு 5" என்று இரண்டு. போனில் இரண்டையும் சேமித்திருக்கிறீர்கள். கூடத்தில் "வீடு 5"இல் இருக்கிறீர்கள். கொல்லைப்புறம் போனதும் சிக்னல் தேய்ந்து, இணைப்பு அறுந்து, போன் "வீடு" என்பதற்கு மாறுகிறது. திரும்பக் கூடத்துக்கு வந்தாலும் "வீடு" நன்றாகத்தான் கிடைக்கிறது, அதனால் பெரும்பாலான போன்கள் அங்கேயே உட்கார்ந்துவிடும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு, ரவுட்டருக்கு நான்கடி தூரத்தில் 2.4இல் படம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓசூர் கம்பெனிக்கோ பெங்களூரு கம்பெனிக்கோ வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு, கால் பேசிக்கொண்டே மாடி ஏறினால் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு விழும். மெஷ் வாங்கியதே அந்த வெட்டு இல்லாமல் இருக்கத்தான்.

வைஃபை 7 வந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அதில் எம்எல்ஓ என்ற வசதியால் ஒரு கருவி இரண்டு அலைவரிசைகளை ஒரே இணைப்பாகச் சேர்த்துப் பயன்படுத்தலாம். அவற்றைத் தனித்தனிப் பெயராக வைத்தால் அந்த வசதி உங்களுக்குக் கிடைக்காது.

ஒரே ஒரு ரவுட்டர் உள்ள சின்ன வீட்டில் பிரிப்பது வேறு விஷயம். அங்கே போன் மாறிப் போக வேண்டிய வேறு யூனிட் இல்லை, டிவியைக் கட்டாயமாக 5இல் நிறுத்த விரும்பலாம். அது நியாயம்தான். மெஷ் வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பல்பும் கேமராவும் ஏன் அடம்பிடிக்கின்றன

காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்புக்குள் இருக்கும் உறவினர் வீடு. கூடத்தில் ஒரு யூனிட், மாடியில் ஒன்று. கறவை மாடு கட்டியிருக்கும் கொட்டகைக்கு ஒரு கேமரா வாங்கி வந்திருந்தார்கள். ஆப் "இணைகிறது" என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் தோல்வி என்று காட்டியது.

"ஏப்பா, போன்ல நெட் நல்லாத்தான வருது. இந்தக் கேமராவுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் சித்தப்பா.

"போனுக்கு ரெண்டு காது சித்தப்பா, 2.4ம் கேக்கும், 5ம் கேக்கும். கேமராவுக்கு ஒரே காதுதான். நீங்க 5ல நின்னு கூப்பிட்டா அதுக்குக் கேக்காது."

ஸ்மார்ட் பல்பு, பிளக், விலை குறைந்த கேமரா ஆகியவற்றில் இருக்கும் வைஃபை சிப் பெரும்பாலும் 2.4 மட்டும் அறிந்தது. பலரும் கேள்விப்பட்டிருக்கக்கூடிய இஎஸ்பி8266 சிப்பும் அப்படித்தான். தூரம் போக வேண்டும், மின்சாரம் குறைவாக எடுக்க வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று யோசித்துச் செய்யப்பட்டது, குறை சொல்வதற்கில்லை. சிக்கல் முதல் அறிமுகத்தில் மட்டும்தான் வருகிறது. புதுக் கேமராவுக்கு உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் தெரியாது. பல ஆப்கள் போனிலிருந்து அந்தத் தகவலைக் காற்றில் வீச, கேமரா அதை ஒட்டுக்கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன் 5இல் இருந்தால் அந்த வீச்சு கேமராவின் காதில் விழாமலே போகலாம்.

சித்தப்பா வீட்டில் போனை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தோம். வைஃபை அனலைசரில் 5இன் எண் இறங்கிக்கொண்டே வந்தது. கல்சுவரைச் சுற்றி, இரண்டாவது மாமரத்தைத் தாண்டியதும் போன் தானாக 2.4க்கு மாறியது. அங்கேயே நின்று கேமராவுக்கு ஒரு நீள ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்து, மறுபடி முயன்றதும் பச்சை விளக்கு வந்தது. கேமராவைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிய பிறகு போனை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். 2.4இல் இருக்கும் கேமராவும் 5இல் இருக்கும் போனும் ஒரே ரவுட்டரின் கீழ், ஒரே வலையில்தான் இருக்கின்றன. ஒன்றையொன்று பார்க்கும், பேசும். "கேமரா 2.4ல இருந்தா என் போனும் 2.4லயே இருக்கணுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம்.

தோப்பு இல்லாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பல ஸ்மார்ட் கருவிகளில் ஏபி மோட் என்று இரண்டாவது இணைப்பு முறை இருக்கும். பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தால் வேகமாகச் சிமிட்டிய விளக்கு மெதுவாகச் சிமிட்டும். அப்போது கருவியே ஒரு சின்ன ஹாட்ஸ்பாட் ஆகிவிடும். போன் அதோடு இணைந்து பெயரையும் கடவுச்சொல்லையும் நேரடியாகக் கொடுத்துவிடும், போன் முன்னால் எந்த அலைவரிசையில் இருந்தது என்பதற்கு இதில் வேலையே இல்லை. புதிய கருவிகள் பல புளூடூத் வழியாகவும் இதைச் செய்துகொள்கின்றன. ஈரோ மெஷ்ஷில் 5ஐத் தற்காலிகமாக நிறுத்திவைக்க ஒரு வசதியே கொடுத்திருக்கிறார்கள்.

2.4க்கு ஒரு தனிப் பெயர்

ஒன்றிரண்டு பல்பு என்றால் மேலே சொன்னது போதும். பத்துப் பதினைந்து கருவிகள் சேர்ந்துவிட்டால் தனிப் பெயர் வைப்பதே நிம்மதி. எந்த மெஷ் என்பதைப் பொறுத்து வழி மாறும். டிபி-லிங்க் டெக்கோ போன்றவற்றில் ஐஓடி நெட்வொர்க் (ஸ்மார்ட் கருவிகளுக்கானது) அல்லது கெஸ்ட் நெட்வொர்க் என்று இன்னொரு பெயர் உருவாக்கி, அதை 2.4க்கு மட்டும் என்று வைக்கலாம். ஏசுஸ் ரவுட்டர்களில் அலைவரிசைக்கு ஒரு பெயர் என்று முழுதாகப் பிரிக்கவும் முடியும். கூகுள் நெஸ்ட் வைஃபையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பிரிக்க முடியாது. வாங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது, வாங்கிய பிறகு மாற்ற முடியாத விஷயம் இது.

கெஸ்ட் நெட்வொர்க்கைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். அது விருந்தாளிகளுக்காகச் செய்யப்பட்டது, ஆகவே அதில் உள்ள கருவிகள் வீட்டு வலையில் உள்ளவற்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். இணையம் வழியாக இயங்கும் பல்புக்குப் பிரச்சினை இல்லை. கேமரா பதிவைச் சேமிக்கும் என்விஆர் பெட்டி முதன்மை வலையில் இருந்தால் கேமரா அதை எட்டாது. இன்னொரு பக்கம் பார்த்தால் அந்தத் தடுப்பு ஒரு பாதுகாப்பும்கூட. பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவுக் கேமராவை, வங்கி வேலை பார்க்கும் லேப்டாப் உள்ள வலையிலிருந்து ஒதுக்கி வைப்பது நல்லதுதான்.

இந்தத் தனிப் பெயருக்குப் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள். டபிள்யூபிஏ3ஐப் பழைய சிப்கள் அறியாது, இரண்டும் கலந்த முறையிலும் சில கருவிகள் தடுமாறும். வேகமாக மாற உதவும் ஆர் விதியை இந்தப் பெயருக்கு மட்டும் அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடுங்கள், சுவரில் மாட்டிய கேமரா எங்கும் நடந்து போகப் போவதில்லை. சேனல் அகலம் 20. சேனல் 1, 6, 11இல் அனலைசரில் எது காலியாகத் தெரிகிறதோ அது. 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், அக்கம்பக்கம் வீடுகள் உள்ள தெருவில் நடப்பது நேர் எதிர்.

கரண்ட் போய் வந்த பிறகு

இதை யாரும் அதிகம் சொல்வதில்லை, நம் பக்கம் அடிக்கடி நடப்பது. கரண்ட் போய் வருகிறது, ரவுட்டர் மறுபடி உயிர் பெறுகிறது. அன்று முழுக்க நெட் மந்தமாக இருக்கிறது. வேகம் பார்த்தால் எல்லாப் போனும் 2.4இல் உட்கார்ந்திருக்கும்.

காரணம் சேனலில் இருக்கிறது. 5இல் 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ஆகவே பல ரவுட்டர்கள் அந்தச் சேனல்களில் பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் சும்மா காது கொடுத்துக் கேட்கும், ரேடார் இல்லை என்று உறுதியான பிறகே 5ஐத் திறக்கும். 2.4 அதற்கு முன்னாலேயே வந்துவிடும். காத்திருக்கும் போன்கள் கிடைத்ததில் ஏறிக்கொள்ளும், பிறகு இறங்க மனம் வராது. 5இன் சேனலை 36 முதல் 48க்குள்ளோ, 149 முதல் 161க்குள்ளோ நிறுத்தி வைத்தால் இந்தக் காத்திருப்பு இருக்காது. சேனலைத் தேர்ந்தெடுக்க விடாத மெஷ் என்றால், ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன டிசி யூபிஎஸ் போடுவதே வழி. மாடி யூனிட்டையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க மறக்காதீர்கள். கீழே கரண்ட் இருந்து மாடியில் இல்லாவிட்டால், மாடிப் போன்கள் எல்லாம் தூரத்து யூனிட்டின் 2.4ஐத் தொங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

பைபர் பெட்டி என்றதும் இன்னொன்று. இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன பெட்டியிலும் வைஃபை இருக்கும். மெஷ் வந்த பிறகு அதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இருக்கிற மூன்று சேனல்களில் ஒன்றை அதுவே அடைத்துக்கொள்ளும். போனில் பழைய பெயர் சேமித்திருப்பதால் அதன் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பெட்டியும் ரவுட்டராக, மெஷ்ஷும் ரவுட்டராக இயங்கினால் இரண்டு வலைகள் உருவாகிவிடும். ஒன்றில் உள்ள டிவியை இன்னொன்றில் உள்ள போன் கண்டுபிடிக்காது. பெட்டியைப் பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு இணையத்தைக் கடத்த மட்டும் செய்யும் நிலை) போடச் சொல்லுங்கள், அல்லது மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (ரவுட்டர் வேலை இல்லாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) வையுங்கள்.

சரி, பழைய ரவுட்டரில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கருவிகளை இணைத்து வைத்திருந்து, இப்போது மெஷ்ஷுக்கு மாறுகிறீர்கள் என்றால் வேலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. 2.4 மட்டும் உள்ள அந்தத் தனிப் பெயருக்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சு மாறாமல் இருக்க வேண்டும். பழைய ரவுட்டரை அணைத்ததும் பல்பும் கேமராவும் பிளக்கும், எதையும் மீட்டமைக்காமல் தாமாகவே புது மெஷ்ஷில் வந்து சேர்ந்துகொள்ளும். முதன்மை வலைக்குப் புதிய பெயர் கொடுங்கள். அப்புறம் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் லேப்டாப்பிலும் டிவியிலும் பழைய பெயரை மறக்கச் சொல்லி அழித்துவிட்டு, புதிய பெயரில் இணையுங்கள். அழிக்காமல் விட்டால் அவையும் பல்புகளோடு சேர்ந்து 2.4க்கே போய்விடும்.